எப்சிபா டீச்சருக்கு இங்கிலீஷ் தெரியாது

இந்தப் பையைக் கொஞ்சம் அந்தப் பக்கமா நகட்டிக்கிடுதியாம்மா? உள்ள பட்டுச்சேலை இருக்கு, மடிப்புக் கலைஞ்சிரும். ஆங், போதும். ஆண்டவர் உன்னை ஆசீர்வதிப்பாரு. கையில என்ன, இங்கிலீஷ் பேப்பரா? கடகடன்னு புரட்டுதியே, அர்த்தம் தெரிஞ்சுதான் படிக்கியா? கோவிச்சுக்கிடாதே. முப்பது வருஷம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த ஒருத்தியை நம்பி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதுக்குப் பிறகு யார் கையில இங்கிலீஷைப் பாத்தாலும் எனக்குச் சிரிப்பாணியா வருது.

கடைசி ஸ்டாப் வரைக்கும் வாரியா? அப்போ சொல்லுதேன். பொழுதும் போகும்.

முதல்லயே சொல்லிருதேன், நான் யாரையும் குறை சொல்லுதவ இல்ல. விடியுமுன்ன முழங்கால் போட்டா, ஊர்ல உள்ள அத்தனை பேருக்கும் ஜெபிச்சிட்டுத்தான் எந்திரிப்பேன். எப்சிபா டீச்சருக்கும் சேத்துத்தான். ‘ஆண்டவரே, அவளுக்குப் புத்தியைக் கொடும்’னு. இத்தனை வருஷமாக் கேக்கேன், இன்னும் கொடுக்கலை. அவருக்கும் எத்தனை வேலை இருக்கும்.

என் பேரு ரூபி. எங்க சபையில பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி நான்தான். எட்டாங்கிளாஸ்தான் படிச்சேன், ஆனா தலைவி. பி.ஏ., பி.எட். படிச்ச எப்சிபா டீச்சர் செயலாளர், எனக்குக் கீழ. யாரு எங்க இருக்கணும்னு ஆண்டவர் பாத்துத்தான வைக்காரு. கல்யாணம் பண்ணலை, பிள்ளைகுட்டி கிடையாது, கஞ்சி போட்ட காட்டன் சேலையும் கண்ணாடியும்தான் அவளுக்குக் குடும்பம். அதை நான் குறையாச் சொல்லலை. உள்ளதைச் சொல்லுதேன்.

என் மகள் பெல்சி குவைத்துல நர்ஸு. போன கிறிஸ்துமஸுக்கு வந்தப்போ கோயில் பீடத்துக்குன்னு ஒரு விரிப்பு வாங்கிட்டு வந்தா. வெள்ளை லேஸு. ஓரம் பூராவும் திராட்சைக் குலை. விரிச்சா பீடமே எந்திரிச்சு நிக்க மாதிரி இருக்கும். அதுக்கு முன்னால கிடந்தது என்ன தெரியுமா? எப்சிபா டீச்சர் தன் கையால பின்னிக் கொடுத்தது. விரிப்பா அது? மீன் வலை. சாளை பிடிக்கலாம் அதைப் போட்டு. பாவம், மனசு நோகுமேன்னு அத்தனை வருஷம் சபையே பொறுத்துக்கிட்டு இருந்துச்சு.

ஈஸ்டர் முடிஞ்சு அடுத்த ஞாயிறு கோயிலுக்குள்ள நுழையுதேன், பீடத்துல மறுபடியும் மீன் வலை கிடக்கு. என் மக விரிப்பைக் காணோம். அன்னிக்கு ஆராதனையில ஒரு வார்த்தை என் காதுல ஏறலை.

அன்னபாக்கியத்தைக் கூப்பிட்டேன். அவ புருஷன்தான் எங்க கோயில்ல மணியடிச்சுக் கூட்டிப் பெருக்கிக்கிட்டு இருந்தான். அவன் செத்துப்போன பிறகு அந்த வேலையை இவ பாக்கா. கோயில் வளவுக்குள்ளயே ஒரு ஓட்டு வீடு, ரெண்டு பொட்டப்பிள்ளைக.

“எங்கட்டி விரிப்பு?”ன்னேன்.

“தெரியலம்மா. நேத்துப் பெருக்க வந்தப்பவே இல்ல. ஐயர் வீட்டுல துவைக்க எடுத்திருப்பாவளோன்னு நெனச்சேன். பீடம் வெறுசா கிடக்கேன்னு பழசைப் போட்டேன்”னா.

எப்படிப் பதில் பாத்தியா? ஐயர் வீட்டு மேல தூக்கிப் போடுதா. போதகர் வீட்டு மேல! ஐயரம்மாவும் அப்போ ஊர்ல இல்ல, மகளுக்குப் பிரசவம் பாக்கப் போயிருந்தாவ. அது தெரிஞ்சுதான் சொல்லுதா. நான் ஐயர்கிட்டப் போனேன். அவருக்கு வீட்டுல சீனி டப்பா எங்க இருக்குன்னே தெரியாது. “பிரசவ வீட்டுக்குப் போன் போட்டு இதையா கேக்க? அவ வரட்டும்மா, கேப்போம். அவசரப்படாண்டாம்”னாரு. அவருக்கென்ன, அவர் மகளா வாங்கிட்டு வந்தா?

எனக்கு எல்லாம் விளங்கிருச்சு. அன்னபாக்கியத்தோட மூத்தவளுக்கு அப்போதான் கல்யாணம் பேசி முடிச்சிருந்தாவ. கல்யாணப் பொண்ணுக்குத் தலையில போட வெள்ளை நெட்டு வேணும்லா? வாங்க வக்கு ஏது? லேஸை ரெண்டா வெட்டினா ஒரு நெட்டு ஆச்சு. திராட்சைக் குலையோட! என் மக கொண்டுவந்த விரிப்பு அந்தக் கறுத்தக் குட்டி தலையில ஏறப்போகுதேன்னு நெனச்சா எனக்குச் சோறு இறங்கலை. நிறத்தை வச்சு நான் ஒண்ணும் சொல்லலை. ஆண்டவர் படைச்ச நிறம்தான்.

கோயில் வேலைக்கு ஆளை வைக்கிறதும் எடுக்கிறதும் பேராயர் கையில. அதனால சங்கத்தைக் கூட்டினேன். பேராயருக்கு மனு எழுதணும், இவளை வேலையிலயிருந்தும் வீட்டிலயிருந்தும் எடுக்கணும்னு சொன்னேன். எல்லாரும் சரின்னாளுவ. நான் எது சொன்னாலும் சரிம்பாளுவ, அவ்வளவு ஒற்றுமை. எப்சிபா டீச்சர் மட்டும் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சா.

“ரூபிக்கா, ஐயரம்மா வந்த பிறகு எழுதுவோமே”ன்னா.

“வெட்டித் தைச்ச பிறகா?”ன்னேன்.

“சரி, அப்போ தமிழ்ல எழுதுவோம். பேராயரும் நம்ம ஆளுதானே.”

“டீச்சர், உங்களுக்கு உலகம் தெரியாது. தமிழ்ல போனா ஆபீஸ் கிளார்க்கு அதைக் காப்பி டம்ளருக்கு அடியில வைப்பான். இங்கிலீஷ்ல போனாத்தான் மேசைக்குப் போகும். அவரு லண்டன்ல படிச்சிட்டு வந்தவரு. நீங்க படிச்ச இங்கிலீஷ் இதுக்குக்கூட உதவலைன்னா எதுக்கு?”

எல்லாரும் சிரிச்சாளுவ. அவ சிரிக்கலை. பேனாவை எடுத்தா.

“அவ எடுத்ததை யாராவது பாத்தியளா?”ன்னு கேட்டா. ‘நாங்க எங்க பாத்தோம்’னாளுவ. “அப்போ ‘திருடினா’ன்னு எழுத முடியாதுக்கா. ‘சந்தேகப்படுறோம்’னுதான் எழுதலாம்.”

“அதையே எழுதுங்க. பலமாச் சந்தேகப்படுறோம்னு எழுதுங்க.”

“பலமா...”ன்னு கொஞ்ச நேரம் என் மூஞ்சியையே பாத்தா. “அப்போ ‘வி ஸ்ட்ராங்லி டவுட்’னு போட்டிருதேன். ‘அன்னபாக்கியம் விரிப்பைத் திருடினாள் என்று நாங்கள் ஸ்ட்ராங்லி டவுட்’. சரிதானே?”

டவுட்டுன்னா தெரியாதா எனக்கு? எல்.கே.ஜி. படிக்க என் பேரன்கூட “ஆச்சி, ஒரு டவுட்டு”ங்கான். அன்னபாக்கியத்து மேல எனக்கு டவுட்டு. அவ்வளவுதானே விஷயம். சரின்னு தலையாட்டினேன்.

மத்ததையும் நான் சொல்லச் சொல்ல எழுதினா. ‘அவ விதவை, ரெண்டு பொட்டப்பிள்ளைக இருக்கு, மூத்தவளுக்குக் கல்யாணம் வருது, கையில ஒண்ணும் கிடையாது.’ இதெல்லாம் எதுக்குச் சொன்னேன்? திருடுறதுக்குக் காரணம் இருக்குன்னு காட்டத்தான். ‘கோயில் வீட்டை விட்டா அவளுக்குப் போக்கிடம் இல்ல’ன்னும் சொன்னேன். அது எதுக்கு? பொருளை அந்த வீட்டுலதான் ஒளிச்சு வச்சிருப்பா, வேற எங்கயும் கொண்டுபோயிருக்க மாட்டாங்கிறதுக்கு. கடைசியில, ‘ஆகையால் அவளுக்குத் தக்கதைச் செய்யும்படி கேட்டுக்கொள்கிறோம்.’ எப்படி முடிச்சேன் பாத்தியா? பி.எட். படிச்சவளுக்கு வராது.

எழுதி முடிச்சு இங்கிலீஷ்ல வாசிச்சா. ஒருத்திக்கும் ஒண்ணும் விளங்கலை, ஆனா ஜெபத்துக்குத் தலை குனிஞ்ச மாதிரி எல்லாரும் குனிஞ்சு கேட்டாளுவ. நான் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து இங்கிலீஷ்தான். ஆர், யூ, பி, ஒய்.

மனு போன சங்கதி ஊருக்குத் தெரிஞ்சு, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க காதுக்கும் போயிருச்சு. “பேராயர் பதில் வரட்டும், திருட்டு வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டோம்”னு நிறுத்தி வச்சிட்டாவ. அன்னபாக்கியம் என் வீட்டு வாசல்ல வந்து நின்னா. ஏறி வரலை. அந்த மட்டுக்கு மரியாதை தெரியும்.

“அம்மா, நான் எடுக்கலைம்மா. பிள்ளை ரெண்டு நாளா எந்திரிக்காமக் கிடக்கா. நீங்க ஒரு வார்த்தை அந்த வீட்டுல சொல்லப்படாதா?”

“எடுக்கலைன்னா உனக்கு எதுக்குட்டி பயம்? போ, ஜெபம் பண்ணு. நானும் பண்ணுதேன்”னேன்.

பண்ணினேன். ‘அவ மனசைத் திருப்பும் ஆண்டவரே, வெட்டுறதுக்கு முன்னால திருப்பும்’னு.

பதில் வந்துச்சு. ஞாயித்துக்கிழமை ஐயர் பிரசங்கத்தை முடிச்சிட்டு, பேராயர் கடிதம் ஒண்ணு வந்திருக்கு, சபையார் எல்லாரும் கேக்கணும்னு சொல்லி எழுதியிருக்காவன்னாரு. நான் சேலையைச் சரி பண்ணிக்கிட்டு நிமிந்து உக்காந்தேன். அன்னபாக்கியம் கடைசியில கதவோரமா நின்னா. ரெண்டு பிள்ளைகளும் அவ சேலையைப் பிடிச்சுக்கிட்டு நிக்குதுக.

ஐயர் வாசிச்சாரு. ஒரு வார்த்தை விடாம எனக்கு மனப்பாடம். “ஒரு பொருள் காணாமற்போனால் எளியவர்கள்மேல் பழிபோடுவதே எங்கும் வழக்கமாயிருக்கிறது. உங்கள் சங்கத் தலைவி ரூபி அம்மாளோ, அன்னபாக்கியம் அதை எடுத்திருப்பாள் என்று தாம் சற்றும் நம்பவில்லை எனத் துணிந்து எழுதியிருக்கிறார். அவள் விதவை என்பதையும், பெண்மக்களுக்குத் தாய் என்பதையும், வேறு போக்கிடம் இல்லாதவள் என்பதையும் எடுத்துக்காட்டி, அவளுக்குத் தக்கதைச் செய்யும்படி எனக்கே நினைப்பூட்டியிருக்கிறார். அந்தத் தாயின் இரக்கத்துக்கு நான் தலைவணங்குகிறேன். அன்னபாக்கியத்தின் வேலை இன்றுமுதல் நிரந்தரம். அவள் வீட்டுக் கூரையைச் சபை உடனே மாற்றிக் கொடுக்கவேண்டும்.”

கோயிலே திரும்பி என்னைப் பாக்குது. எனக்குக் கை கால் எல்லாம் நடுங்குது. பரிசுத்த ஆவியில நிறைஞ்சு நடுங்குதான்னு பக்கத்துல இருந்தவ ஸ்தோத்திரம் சொல்லுதா. அதுக்குள்ள அன்னபாக்கியம் ஓடி வந்து என் கால்ல விழுந்துட்டா. “அம்மா, வாசல்ல வச்சு அப்படிப் பேசினியளே, உள்ளுக்குள்ள இத்தனை பாசத்தை வச்சிருந்தியளே”ன்னு அழுதா. காலெல்லாம் மூக்குச்சளி. நான் என்ன செய்ய? சபை முழுக்கப் பாக்குது. தலையில கையை வச்சு ஆசீர்வாதம் பண்ணினேன்.

வீட்டுக்கு வந்ததும் பெங்களூர்ல இருக்க என் மகன் எபிக்குப் போன் போட்டேன். கம்பெனியில அவன் இங்கிலீஷ்லதான் பேசுவான். மனுவில எழுதினதைச் சொன்னேன். அவன் சிரி சிரின்னு சிரிக்கான்.

“அம்மா, நாம ‘எனக்கு டவுட்டா இருக்கு’ன்னா அவன்தான் எடுத்திருப்பான்னு அர்த்தம். இங்கிலீஷ்ல நேர் எதிர். ‘ஐ டவுட் தட் ஷி ஸ்டோல் இட்’னா, அவ திருடினான்னு நான் நம்பலைன்னு அர்த்தம். நீங்க நெனச்சதுக்கு ‘சஸ்பெக்ட்’னு போட்டிருக்கணும். ‘ஸ்ட்ராங்லி டவுட்’ வேறயா? அப்போ சத்தியமா நம்பலைன்னு ஆயிருச்சு. யாரும்மா எழுதினது?”

“வேற யாரு, உங்க எப்சிபா டீச்சர்தான்.”

சிரிப்பு நின்னு போச்சு. “எப்சிபா டீச்சரா? அம்மா, எட்டாங்கிளாஸ்ல நான் இந்த ரெண்டு வார்த்தையையும் மாத்தி எழுதினதுக்கு நோட்டு முழுக்க எழுத வச்சதே அவங்கதானே. கை வீங்கிப்போச்சுன்னு நீங்ககூடப் போய்ச் சண்டை போட்டீங்களே!”ன்னான். பிறகு மறுபடியும் சிரிச்சான், இந்தத் தடவை வேற மாதிரி. “டீச்சரை நான் ரொம்பக் கேட்டதாச் சொல்லுங்கம்மா”ன்னுட்டு வச்சிட்டான். எதுக்குக் கேக்கணும் அவளை? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு யாரை மதிக்கிறதுன்னே தெரியலை.

யோசிச்சுப் பாரு. பிள்ளைகளை அடிச்சுச் சொல்லிக்கொடுத்ததையே மறந்துட்டாள்னா, அந்த மண்டையில என்னதான் இருக்கு? இவளுக்கு அரசாங்கம் பென்ஷன் வேற கொடுக்கு.

விட்டேனா? அன்னிக்குச் சாயந்திரமே போனேன். முருங்கைக்கீரை உருவிக்கிட்டு உக்காந்திருந்தா.

“டீச்சர், உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வேற ஆளைப் பாத்திருப்பேன்லா? டவுட்டுக்கும் சஸ்பெக்ட்டுக்கும் வித்தியாசம் தெரியாம முப்பது வருஷம் என்னத்தைக் கிழிச்சீங்க?”

“ஐயோ, மாத்திப் போட்டுட்டேனா ரூபிக்கா?”ன்னா. நிமிந்துகூடப் பாக்கலை. கீரையைத்தான் பாக்கா. “வயசாகுதுல்லா.”

“ஊரு என்னைப் பாத்துச் சிரிக்காத குறை. திருத்தி ஒரு மனு எழுதுங்க. இப்பவே.”

“எழுதிருவோம்”னு கையைத் துடைச்சிட்டு உள்ள போய்ப் பேப்பரும் பேனாவும் எடுத்துட்டு வந்தா. “இந்தத் தடவை தமிழ்லயே எழுதுவோம்கா, குழப்பம் வராது. ‘மதிப்பிற்குரிய பேராயருக்கு, தாங்கள் தலைவணங்கிய அந்த இரக்கம் எங்களிடம் கிடையாது. அந்த விதவையைத் திருடி என்றுதான் நாங்கள் சொல்ல வந்தோம். அவளையும் பிள்ளைகளையும் தெருவுக்கு அனுப்பவேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.’ இதானே? வேற ஏதும் விட்டுப்போச்சா? இந்தாங்க, நீங்கதான் கையெழுத்துப் போடணும், தலைவிலா.”

பேனாவை நீட்டினா.

எனக்கு அன்னிக்குக் காலையிலயிருந்தே விரல்ல வலி. அதோட, இன்னொன்னையும் யோசிச்சேன். இது பேராயர் ஆபீஸுக்குப் போனா யாருக்கு அவமானம்? எப்சிபா டீச்சருக்குத்தானே? இங்கிலீஷ் தெரியாத இங்கிலீஷ் டீச்சர்னு ஊர் பூராவும் நாறிப்போகும். எனக்கு மனசு கேக்கலை.

“வேண்டாம் டீச்சர். உங்க மானம் போகப்படாது. உங்களுக்காக நான் இதைப் பொறுத்துக்கிடுதேன்”னேன்.

அவ குனிஞ்சுக்கிட்டா. முந்தானையை வாயில வச்சுக்கிட்டா. தோள் ரெண்டும் அப்படிக் குலுங்குது. நான் மன்னிச்சதைத் தாங்க முடியலை அவளுக்கு. அழட்டும்னு வந்துட்டேன்.

விரிப்பா? அதைக் கேக்கியா? அது கிடைச்சிருச்சு. ஐயரம்மா திரும்பி வந்து, “ஐயோ, அது எங்க பீரோவுலல்லா இருக்கு! இவ்வளவு நல்ல விரிப்பு தினமும் கிடந்தா மங்கிப்போகும், பண்டிகைக்கு மட்டும் போடுவோம்னு ரசகற்பூரம் போட்டு எடுத்து வச்சேன்”னாவ. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா என்ன? ஐயரம்மான்னு பேரு, அறிவு கிடையாது.

சரி, அன்னபாக்கியம் எடுக்கலை. அதனால என்ன ஆயிருச்சு? எடுக்கணும்னு மனசு வந்திருக்குமா வந்திருக்காதா? அதை யாரு பாத்தா?

ஆனா அதுக்குப் பிறகுதான் கூத்து. விரிப்பு கிடைக்கதுக்கு முன்னாலயே ‘அவ எடுக்கலை’ன்னு பேராயருக்கு அடிச்சு எழுதினவ நான். அப்போ எனக்கு எப்படித் தெரிஞ்சுது? வெளிப்பாடு! ரூபியம்மாளுக்கு ஆண்டவர் காட்டிக் கொடுத்திருக்காருன்னு ஊர் பூராவும் பேச்சு. மனு எழுதையில கூட இருந்த சங்கத்துக்காரிகளும் ‘ஆமா, ஆமா’ங்காளுவ, அவ்வளவு ஒற்றுமை. கோழியைக் காணோம், தோட்டைக் காணோம்னு ஆளுக வாசல்ல வந்து நிக்காவ. மாப்பிள்ளை வீட்டுக்காரங்களும் வந்தாவ. “நீங்களே சொன்ன பிறகு எங்களுக்கு என்னம்மா”ன்னு மறுபடி நாள் குறிச்சிட்டாவ. பொண்ணு தலையில நெட்டை நான்தான் வைக்கணுமாம்.

இப்போ எங்க போறேன்னு கேக்கலையே நீ. பேராயர் கூப்பிட்டிருக்காரு. பெண்கள் மாநாடு. ஆயிரம் பேருக்கு மேல வருவாவளாம். ‘பிறரைக் குற்றப்படுத்தாத நாவு’ங்கிற தலைப்புல நான் பேசணும். அன்னபாக்கியத்தையும் பக்கத்துல நிறுத்தணுமாம், சாட்சிக்கு. அந்தா, கடைசி சீட்டுல தூக்குவாளியை மடியில வச்சுக்கிட்டு இருக்காள்லா, அவதான். என்னைப் பாத்து எப்படி இளிக்கா பாரு. பக்கத்துல உக்காரட்டுமான்னா. நான்தான், காத்து வேணும், நீ பின்னால இருன்னுட்டேன்.

பேசுறதுக்கு எல்லாம் ஆயத்தம். ஒண்ணுதான் குறை. வெளிநாட்டுக்காரங்க ரெண்டு பேரு விருந்தாளியா வாராவளாம். கடைசி வரியை இங்கிலீஷ்ல சொன்னா மேடை அதிரும். எப்சிபா டீச்சர் நான் எழுதித் தாரேன் நான் எழுதித் தாரேன்னு பின்னாலயே வந்தா. செத்தாலும் அவகிட்ட வாங்க மாட்டேன். நீ சொல்லும்மா. ‘நான் இவளை ஒருநாளும் சந்தேகப்பட்டதே இல்லை.’ இதுக்கு இங்கிலீஷ் என்ன?

என்ன? ‘ஐ நெவர் டவுட்டட் ஹர்’?

ஐயையோ, அந்த வார்த்தை வேண்டவே வேண்டாம்! அதுதான் என்னை இந்தப் பாடு படுத்துனது. மகன் இன்னொன்னு சொன்னானே, சஸ்பெக்ட்டு, அதைப் போட்டுச் சொல்லு.

‘ஐ நெவர் சஸ்பெக்டட் ஹர்’. அர்த்தம் என்ன? இதுவும் அதேதானா? அதெப்படி? அன்னிக்கு ரெண்டும் நேர் எதிர்னு அவன் சொன்னான், இன்னிக்கு நீ ரெண்டும் ஒண்ணுங்கே. நீ எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சே? உனக்கும் எப்சிபாதான் சொல்லிக்கொடுத்தாளா?

சிரிக்காதேம்மா. பேப்பரை மடிச்சு வச்சிட்டு நல்லா யோசிச்சுச் சொல்லு. இவ எடுக்கலைன்னுதான் அர்த்தம் வரணும். கொஞ்சங்கூட எடுத்திருப்பாங்கிற மாதிரி வந்திரப்படாது. பேராயர் முன்னால, அத்தனை ஜனத்துக்கு முன்னால, ஒரே ஒரு எழுத்து மாறி இவ திருடின்னு ஆயிட்டான்னா, அப்புறம் நான் யாரு?